ஓய்வுபெற்ற பொலிஸ் நாயையும் அதோடு நடந்தவரையும் நினைவுகூர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தாய்மாமா பொலிஸில் மோப்ப நாயோடு வேலை செய்தவர். அவரிடம் கடைசியாக இருந்தது ஜூனோ என்ற பெண் லாப்ரடோர். வேலையிலிருந்து விடுபட்ட பிறகு அது ஹட்டனுக்குப் பக்கத்தில் மாமா வீட்டிலேயே இருந்து, வயதாகி இறந்தது. அதற்காக வீட்டு முற்றத்தில் சின்னதாக ஒரு நினைவுக் கூட்டம் வைத்தோம். மாமாவின் சேவையையும் சேர்த்து ஒரு நினைவுக் குறிப்பு எழுதி வந்தவர்களுக்குக் கொடுத்தோம். அப்போதிருந்து சொந்தக்காரர்கள், மாமாவோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்கள், நாய் வளர்ப்பவர்கள் என்று பலர் கேட்ட கேள்விகள் இவை. இதே மாதிரி ஒரு நினைவைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று பதில்களோடு எழுதி வைக்கிறேன்.

நாய்க்கு நினைவுக் கூட்டமா? இது எங்கிருந்து வந்த புதுப் பழக்கம்?

புதுப் பழக்கமே இல்லை. தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டியது. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதே கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கென்று தனி வாசகமும் வெட்டியிருக்கிறார்கள்.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம் ஆட்கள் நாயின் பெயரைக் கல்லில் எழுதி வைத்துவிட்டார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆளுக்கு ஒரு கல், நாய்க்கு ஒரு கல் என்று பிரிக்காமல் ஒரே கல்லில் இரண்டு பேரையும் வைத்தார்கள். பொலிஸ் நாயை நினைவுகூரும்போதும் அப்படித்தான் செய்யவேண்டும் என்று நினைக்கிறேன். சங்கிலியின் ஒரு முனையை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் வரும்.

ஜூனோ என்ன பெரிய கேஸ் பிடித்தது?

எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். சொல்லக்கூடிய சில பிடிப்புகள் உண்டு. ஆனால் மாமாவின் சேவையை அவற்றைக் கொண்டு அளந்தால் அவருக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகும் பருவகாலம் டிசம்பர் போயாவில், அதாவது முழுநிலா நாளில், தொடங்கி வெசாக் போயா வரை போகும். அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு இரவு பகலாக பஸ்ஸும் வானும் ஓடும். கும்பிடப் போகிறவர்களுக்கு நடுவே கஞ்சாவும் வேறு தூள்களும் கொண்டு போகிற இளவட்டங்களும் இருப்பார்கள். பருவகாலத்தில் அந்தப் பாதையில் மோப்ப நாய்ச் சோதனை நடப்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

விடிகாலைப் பனியில் ஒரு வானை நிறுத்தி, ஆட்களை இறக்கி, சீட்டுக்கடியில், பைகளுக்கு நடுவில், டயர் பக்கமாக நாயைக் கொண்டு போவார்கள். ஒன்றும் இருக்காது. அடுத்த வான். அதிலும் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு பஸ். பெரும்பாலான நாட்கள் இப்படியே முடியும். அந்த நாட்களைப் பற்றி யாரும் செய்தி எழுதமாட்டார்கள். ஆனால் நாய் சோர்ந்துவிடாமல், கடைசி வண்டியிலும் முதல் வண்டியில் காட்டிய அக்கறையோடு மூக்கை வைக்கச் செய்வதுதான் மாமாவின் உண்மையான வேலை. "ஒண்ணும் இல்லைன்னு நாய் சொன்னா ஒண்ணும் இல்லைன்னு நம்பணும் புள்ள, அதுக்குத்தான் இத்தனை பயிற்சி" என்று ஒருமுறை சொன்னார். அந்த வானில் இருந்த குடும்பம் நிம்மதியாக மலையேறியதும் அந்த நாயின் சேவைதான். நாங்கள் எழுதிய குறிப்பில் இதற்குத்தான் அதிக இடம் கொடுத்தோம்.

பொலிஸில் நாய்களைச் சேர்த்தது எப்போது? பயிற்சி எங்கே?

இலங்கைப் பொலிஸின் நாய்ப் பிரிவு 1948இல் தொடங்கியது. தலைமையிடம் கண்டி அஸ்கிரியவில். அதாவது மலைநாட்டில்தான். நாடெங்கும் உள்ள கிளைகளுக்கு நாய்களும் ஆட்களும் அங்கிருந்து பழகித்தான் போகிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடோர், ஸ்பானியல் போன்ற இனங்கள் இந்த வேலைக்குப் பழக்கப்படுகின்றன. தடம் பிடிக்க ஒன்று, போதைப்பொருளுக்கு ஒன்று, வெடிபொருளுக்கு ஒன்று என்று வேலை பிரிந்திருக்கும். போதைப்பொருள் நாயையே வெடிபொருளுக்கும் பழக்கினால் அது எதைக் கண்டு நிற்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. கஞ்சாப் பொட்டலத்தை நெருங்குவதும் குண்டை நெருங்குவதும் ஒன்றாகுமா? வெடிபொருள் நாய் எதையாவது உணர்ந்தால் தொடாமல் சுரண்டாமல் அமைதியாக உட்காரப் பழக்குவதும் இதனால்தான்.

போதைப்பொருளைத் தின்னக் கொடுத்து அடிமையாக்கித்தான் தேட வைக்கிறார்களாமே?

இல்லை. தேயிலைத் தோட்டங்களில் பலர் உறுதியாக நம்பும் பொய் இது. தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்தப் பொருள் உடம்புக்குள் போனால் நாய்க்கு ஆபத்து, செத்தும் போகலாம். தேடுவது நாய்க்கு ஒரு விளையாட்டு. குறிப்பிட்ட வாசம் வந்த இடத்தைக் காட்டினால் பந்து கிடைக்கும், அல்லது சுருட்டிய துவாய் கிடைக்கும், எஜமான் கூட விளையாடுவார். அவ்வளவுதான். ஜூனோவுக்கு ஒரு பழைய டெனிஸ் பந்து. அதற்காக அது எந்த மழையிலும் வேலை செய்யும்.

இதனால் மாமாவுக்கு ஒரு கஷ்டமும் இருந்தது. ஒன்றுமே கிடைக்காத நாளில் நாய் மனம் விட்டுவிடும். அப்படிப்பட்ட நாளில் பயிற்சிக்கென்று வைத்திருக்கும் மாதிரியை ஓரிடத்தில் ஒளித்து வைத்து, அதைக் கண்டுபிடிக்க விட்டு, பந்தைக் கொடுத்த பிறகுதான் நாயைக் கூட்டுக்குக் கொண்டு போவார்கள். ஆள் களைத்துப் போயிருந்தாலும் நாய்க்கு முன்னால் உற்சாகமாகக் கத்திச் சிரிக்கவேண்டும்.

மலையகத்தில் நாய் வைத்துத் தேடுவது மற்ற இடங்களை விடக் கஷ்டமா?

சில விதத்தில் சுலபம், சில விதத்தில் கஷ்டம்.

மனிதர் மூக்கில் வாசம் அறியும் செல்கள் சுமார் 50 இலட்சம் என்றால் நாய்க்கு இனத்தைப் பொறுத்து 20 கோடிக்கும் மேல். நாம் குழம்பு வாசம் என்று மொத்தமாக உணர்வதை அது மிளகு, சீரகம், கறிவேப்பிலை என்று தனித்தனியாக எடுத்துக்கொள்ளும். நம் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தோல்துகள்கள் எந்நேரமும் உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. தடம் பிடிக்கும் நாய் அவற்றையும் மிதிபட்ட புல், மண்ணின் வாசத்தையும் வைத்துத்தான் போகிறது. குளிரும் ஈரமும் உள்ள நிலத்தில் இந்த வாசம் கூட நேரம் தங்கும். சுடும் தாரில் சீக்கிரம் போய்விடும். அந்த வகையில் நுவரெலியாப் பனி நாய்க்கு உதவி. கொட்டும் மழை வேறு கதை, எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும்.

அப்புறம் காற்று. வெயில் ஏறியதும் சரிவில் உள்ள காற்று சூடாகி மேலே ஏறும். இரவில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். ஆகவே பகலில் மலைக்கு மேல் நிற்கும் நாய்க்குக் கீழே உள்ளது தெரியும், இரவில் கீழே நிற்கும் நாய்க்கு மேலே ஒளிந்திருப்பவன் தெரிவான். நாய் தலையைத் தூக்கி நின்றால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதோடு நேரம் என்ன என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்கவேண்டும். கட்டளை போடுவது மட்டும் இந்த வேலையில்லை. நாயின் வாலையும் காதையும் மூச்சையும் படிக்கத் தெரியவேண்டும்.

கஷ்டங்களில் முதலாவது அட்டை. விரலிடுக்கில் ஏறுவதைப் பிடுங்கிவிடலாம். ஓடைத் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் ஏறும் அட்டை மோசமானது. நாய் ஓயாமல் தும்மும், ஒரு பக்க மூக்கில் இரத்தம் வரும். அதை வீட்டில் நோண்டாமல் மிருக வைத்தியரிடம்தான் கொண்டு போகவேண்டும். தேயிலைக்கு மருந்து அடித்த மலையும் நாய்க்கு ஆகாது. மாமா தோட்டத்தை நடத்தும் துரைமாரிடம் எந்த மலையில் எப்போது மருந்து அடித்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே இறங்குவாராம்.

எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாய் வந்து நின்றதால் ஒரு குடும்பமே தலைகுனிந்தது. அந்த நாயையா கொண்டாடச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

நாய் ஒரு வாசலில் நிற்பது விசாரணைக்கு ஒரு குறிப்பு. அதை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி என்று சொல்லமுடியாது, வேறு சாட்சியும் தடயமும் வேண்டும். தேடப்படுபவன் அந்த வாசலைக் கடந்து போயிருக்கலாம். பீலியில் அவனோடு ஒன்றாகத் தண்ணீர் பிடித்தவர் அந்தக் காம்பிராவில் (அறையில்) இருக்கலாம். லயத்தில் பத்துக் குடும்பம் ஒரே ஸ்தோப்பு மாதிரி நீண்ட வாசலைப் பாவிக்கும்போது வாசங்கள் கலந்துதான் கிடக்கும். ஆனால் நாய் வந்து நின்ற அந்த நிமிஷத்திலேயே சுற்றியிருப்பவர்கள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மாமா இதை நன்றாக அறிந்தவர். கூட்டம் கூடிய இடத்தில் நாயை இறக்க முன் ஆட்களைத் தூரப் போகச் சொல்வார். தடம் குழம்பாமல் இருக்க அது ஒரு காரணம். வேடிக்கை பார்ப்பவர் குறைந்தால் வீட்டுக்காரருக்கு அவமானமும் குறையும் என்பது இன்னொன்று.

நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதையும் எழுதவேண்டும். நாய் பிழை விடவே விடாது என்று எழுதாதீர்கள். அப்படி எழுதுவதால் பாதிக்கப்படுவது இன்னொரு லயத்தில் இன்னொரு குடும்பம்.

மலையகத் தமிழர் பொலிஸ் சேவையை ஏன் நினைவுகூரவேண்டும்? நம்மை அவர்கள் நடத்திய விதம் மறந்துபோச்சா?

மறக்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றில் அந்தப் பெயர் இல்லாமல் பேசமுடியாது. தமிழில் முறைப்பாடு எழுத ஆளில்லாமல் நிலையத்து வாங்கில் காத்திருந்தவர்கள் இன்றைக்கும் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் மாமா யூனிபோர்ம் போட்டார். தோட்டத்திலிருந்து பொலிஸுக்குப் போனவர்கள் வெகு குறைவு. போனவர்கள் இரண்டு பக்கத்துச் சந்தேகத்தையும் சுமந்தார்கள். கூட வேலை செய்த சிங்களச் சகோதரர்களோடு அவருக்கு நல்ல உறவு இருந்தது, ஜூனோ இறந்த அன்று முதலில் வந்து நின்றவர்களும் அவர்களே. அதே நேரம், சோதனைக்கு நிறுத்திய பஸ்ஸில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் பயந்து நடுங்கினால், தமிழில் இரண்டு வார்த்தை சொல்லி உட்கார வைக்க மாமா அங்கே இருந்தார். அதுவும் ஒரு சேவை. எந்தப் பதிவுப் புத்தகத்திலும் அது இருக்காது. நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

நாயோடு வேலை செய்பவரின் வீட்டு வாழ்க்கை எப்படி இருக்கும்?

லீவு குறைவு. நாய்க்கு லீவு கிடையாது என்பதால் ஆளுக்கும் இல்லை. காலையில் கூடு கழுவுவது, உடம்பு முழுக்கத் தடவி உண்ணி பார்ப்பது, மயிர் வாருவது, சாப்பாடு, நடை, பயிற்சி. வேலைக்குக் கூப்பிட்டால் எந்நேரமானாலும் ஜீப்பில் ஏறவேண்டும். தீபாவளிக்கு அத்தை தனியாகப் பலகாரம் சுட்டு முடித்த வருஷங்கள் எத்தனையோ. தைப்பொங்கல் பருவகாலத்துக்கு நடுவில் வருவதால் மாமாவைப் பொங்கலன்று வீட்டில் பார்த்த நினைவே எங்களுக்கு இல்லை.

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வுக்குப் பின் ஜூனோ வீட்டுக்கு வந்தபோது அதற்குக் கஞ்சி காய்ச்சியது, நள்ளிரவில் வெளியே விட்டது, கடைசி மாதங்களில் தூக்கிச் சுத்தம் செய்தது எல்லாம் அத்தைதான். நினைவுக் கூட்டங்களில் பொலிஸ்காரருக்கும் நாய்க்கும் மாலை போட்டுவிட்டு மனைவியைத் தேத்தண்ணீர் ஊற்ற அனுப்பிவிடுகிறோம். குறிப்பில் அவர் பெயரும் இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

அப்பா பொலிஸில் நாய் வைத்திருந்தவர். எதைக் கேட்டாலும் பேசமாட்டேன் என்கிறார். எப்படி விவரம் சேர்ப்பது?

"உங்கள் சேவையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். நாயைப் பற்றிக் கேளுங்கள். அதுவும் சின்னச் சின்ன விஷயமாக. முதல் நாள் கூட்டைத் திறந்தபோது அது பக்கத்தில் வந்ததா, மூலையில் போய் நின்றதா? எதைத் தின்னாது? இடிமுழக்கத்துக்குப் பயப்படுமா? ஜீப்பில் எந்தப் பக்கம் உட்காரும்? மாமா இப்படித்தான் திறந்தார். ஜூனோ பாலம் கடக்கப் பயப்படும் என்று தொடங்கி, எந்தப் பாலம், ஏன் அங்கே போனார்கள், கூட யார் இருந்தார்கள் என்று தானாகவே வந்துவிட்டது.

பழைய கழுத்துப்பட்டி, சங்கிலி, போட்டோ ஏதாவது இருந்தால் கையில் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாம் கேட்காதீர்கள். சில இடங்களில் நிறுத்திவிடுவார். பிணம் தேடிப் போன நாளாக இருக்கலாம், குழந்தை காணாமல் போன நாளாக இருக்கலாம். அங்கே தோண்டவேண்டாம். அவர் உயிரோடு, நினைவோடு இருக்கும்போதே எழுதுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். நாய் இறந்த பிறகு நாங்கள் எழுதத் தொடங்கியபோதே பல தேதிகள் மாமாவிடம் கலைந்து போயிருந்தன.

குறிப்பில் எதை எழுதலாம், எதை விடவேண்டும்?

நாயின் பெயர், இனம், சேர்ந்த வருஷம், ஓய்வு பெற்ற வருஷம், வேலை செய்த ஊர்கள், குணம். கூட இருந்தவர் எப்போது சேர்ந்தார், எத்தனை நாய்களோடு வேலை செய்தார். இவை போதும்.

பிடிபட்டவர்களின் பெயரும் ஊரும் வேண்டாம். தண்டனை முடித்துத் திருந்தி வாழ்கிறவன் பிள்ளை அதைப் படிக்கலாம். துப்புக் கொடுத்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பொருளை எங்கெங்கே ஒளிக்கிறார்கள், நாய் எதில் தடுமாறும் என்பதையும் எழுதாதீர்கள், அது கடத்துபவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். இன்னும் சேவையில் இருப்பவர்களின் படத்தை அவர்களைக் கேட்காமல் போடவேண்டாம்.

மண்சரிவு நடந்தபோது மக்களைக் காப்பாற்றியது என்று சேர்த்து எழுதலாமா? கேட்பவர்களுக்கு உருக்கமாக இருக்குமே.

உண்மையாகப் போயிருந்தால் எழுதுங்கள். போகாவிட்டால் எழுதவே கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண்ணுக்குள் போனவர்கள் நம் சொந்தங்கள். அந்த இழவின் மேல் கதை கட்டுவது பாவம்.

தொழில் முறையிலும் அது பொருந்தாது. புதையுண்டவரைத் தேடும் நாய்க்குப் பயிற்சி வேறு. ஈர மண் வாசத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் கம்பியால் ஆழத் துளை போட்டு, வாசம் மேலே வர விட்டு, அப்புறம் நாயைக் கொண்டு போவார்கள். வாகனத்தில் கஞ்சா தேடப் பழகிய நாயை அங்கே இறக்கினால் அதற்கு என்ன கேட்கிறார்கள் என்றே புரியாது. ஜூனோ அந்த வேலைக்குப் பழகியதில்லை. அதனால் அதன் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

பொலிஸ் நாய் எந்த வயதில் ஓய்வு பெறும்? வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?

பொதுவாக எட்டு முதல் பத்து வயதுக்குள். அதற்கு முன்பே இடுப்பு மூட்டு போய்விட்டாலோ, கண்ணில் வெள்ளை விழுந்தாலோ, ஜீப்பில் ஏறத் தயங்கினாலோ நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு எடுக்க விரும்பினால் ஓய்வுக்கு முன்பே மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லோடு விட்டுவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையையும் வைத்தியக் குறிப்புகளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

குளிர்தான் பெரிய எதிரி. சீமெந்துத் தரையில் படுக்க விடாதீர்கள். பலகை போட்டு அதன்மேல் சாக்கும் பழைய கம்பளியும் போடுங்கள். உடம்பு போட விடக்கூடாது, ஒவ்வொரு கிலோவும் மூட்டில்தான் இறங்கும். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். பரசிட்டமோலும் ஐபுபுரூபனும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும், கொடுக்காதீர்கள். வெங்காயம், சொக்லேட், முந்திரிகை (திராட்சை), வெந்த எலும்பு இவையும் ஆகாது.

சாப்பாட்டை ஒதுக்கி, ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்துப் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் அலைந்தால் குடல் முறுக்கு மாதிரி வயிறு திருகியிருக்கும், அது மணித்தியாலக் கணக்கில் உயிரைக் குடிக்கும். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் ஆஸ்பத்திரி மலையகத்தில் நமக்கு எட்டக்கூடிய நல்ல இடம். ஹட்டனிலிருந்து தூரம்தான், ஆனாலும் சத்திரசிகிச்சை என்றால் அங்கேதான் போனோம்.

மனத்தையும் பார்க்கவேண்டும். வேலை செய்து பழகிய நாய் சும்மா இருந்தால் வாடிப்போகும். ஜூனோவின் பந்தை மாமா கோழிக்கூட்டுக்குப் பின்னால், விறகுக்கு நடுவில் ஒளித்து வைத்துத் தேட விடுவார். பின்னங்கால் இழுத்துக்கொண்டு போன காலத்திலும் அது முழு முற்றத்தையும் ஒழுங்காகத் தேடும்.

இறந்தால் எங்கே அடக்கம் செய்வது?

குறைந்தது மூன்று அடி ஆழம். பீலிக்கும் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி. மண் வெடித்திருக்கும் சரிவைத் தோண்டாதீர்கள். தோட்டக் காணி என்றால் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திடீரென்று குணம் மாறி, எச்சில் வடிந்து, தாடை தொங்கி, யாரையாவது கடித்து நாய் இறந்திருந்தால் உடனே புதைக்கவேண்டாம். விசர்நோயாக இருக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சாமி கும்பிட்டு, படையல் போடலாமா?

வீட்டுக்காரர் மனம். பைரவருக்கு நாய்தான் வாகனம். தருமர் தன்னோடு வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாம் என்று நின்ற கதையை நம் கூத்துகளில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாங்கள் விளக்கேற்றினோம், மாமாவின் நண்பர்கள் பௌத்த முறைப்படி புண்ணியம் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். யாருக்கும் இடறலாக இருக்கவில்லை.

எந்த நாளில் வைப்பது நல்லது?

நாய் இறந்த நாளிலேயே வைக்கலாம். பலர் மார்ச் 21ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது பொலிஸ் வீரர்கள் தினம். 1864இல் அதே நாளில் மாவனல்லையில் கொள்ளைக்காரன் சரதியலைப் பிடிக்கப் போன இடத்தில் சபான் என்ற கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். இலங்கையில் கடமையின்போது உயிரிழந்த முதல் பொலிஸ்காரராக அவரைத்தான் நினைவுகூர்கிறார்கள். அவர் மலாய் சமூகத்தவர். அன்றைக்கு வைத்தால் ஓய்வுபெற்ற பழைய ஆட்கள் ஒன்றாகக் கூடும் வசதி இருக்கும். ஆனால் பருவகாலம் நடந்துகொண்டிருக்கும், சேவையில் உள்ளவர்கள் வர முடியாது. எங்களுக்கு அவர்கள் வருவது முக்கியமாக இருந்ததால் வெசாக் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம்.

குறிப்பைத் தமிழில் மட்டும் எழுதினால் போதுமா?

போதாது. தமிழில் முதலில் எழுதுங்கள், ஏனென்றால் நம் வீட்டுக் கதை அது. அப்புறம் சிங்களத்திலும் போடுங்கள். மாமாவோடு இரவு முழுக்க ரோட்டில் நின்றவர்கள் படிக்கவேண்டுமே. எங்கள் குறிப்பைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தது மாமாவின் பழைய சார்ஜன்ட் ஒருவரின் மகள். அவர் தன் அப்பாவிடமிருந்து ஜூனோவைப் பற்றி எங்களுக்கே தெரியாத இரண்டு சம்பவங்களைக் கேட்டு வந்து சேர்த்தார். ஒரு பிரதியை நாய்ப் பிரிவுக்கும், ஒன்றை ஊர் நூலகத்துக்கும், ஒன்றை மாமா படித்த பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தோம். போட்டோக்களின் பின்பக்கம் இருப்பவர்களின் பெயரையும் வருஷத்தையும் பென்சிலால் எழுதி வைத்துவிட்டுக் கொடுங்கள், பேனா மை மறுபக்கம் ஊறும்.